பட்டறை வாயிலில் நம் பிள்ளைகள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில், தொழிற்கல்வி வழிகாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் சாதித்தவற்றை எண்ணி மகிழ்வதே வழக்கம். நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையில் தொடங்கிப் பட்டம் பெற்றவர்களைப் பற்றியும், அரசுப் பணியில் அமர்ந்தவர்களைப் பற்றியும் எமக்கு முன் பேசிய அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருளோ மிகச் சிறியதாகத் தோன்றக்கூடியது. தொழிற்பழகுநர் இடத்திற்கான நேர்முகத் தேர்வுக்கு நம் இளைஞர்கள் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே அது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு தேர்வைப் பற்றி இவ்வளவு பெரிய அரங்கில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் நம் பிள்ளைகள் பலர் தம் இரண்டாண்டு உழைப்பை இழந்து திரும்பியதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள். ஆதலால் இதனைச் சிறு பொருளென்று கருத எங்களால் இயலவில்லை.

முதற்கண் இந்த இடம் நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதை நினைவு கூர்வது கடமையாகும். உழைப்பு நம் மக்களுக்குப் புதிதன்று. ஆனால் உழைப்பிலும் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று வரையறுத்து வைத்தது இச்சமுதாயம். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் நெசவுப் பிரிவு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. அற்றுப்போன நூலை வாயால் ஈரப்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தமையால், நாம் தொட்ட நூலை மற்றவர் வாயில் வைக்க மாட்டார்கள் என்பதே காரணம். ஊதியம் மிகுந்த அப்பிரிவு மற்றவர்க்கு. ஊதியம் குறைந்த நூற்புப் பிரிவு நமக்கு. 1928ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்த அநீதியை வெளிப்படுத்தி, இத்தடையும் நீங்க வேண்டுமென்று வலியுறுத்தினார்.

அவரே 1942ஆம் ஆண்டு வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். சட்டமும் கலையும் கற்பது மட்டும் நம் மக்களுக்குப் போதாது, தொழில்நுட்பப் பயிற்சியும் வேண்டும் என்பதை அதில் எடுத்துரைத்தார். அரசின் அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைத் தொழிற்பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்ற அந்த மேதை, இரயில்வே பட்டறையில் ஒரு பையன் பழகும் இடத்தைச் சிறியதென்று எண்ணவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்னும் பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. அந்தந்த மாநிலத்தில் நம் மக்கள்தொகையைக் கருத்திற்கொண்டு இடங்களின் எண்ணிக்கை வகுக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 100க்கு 20 பேர். ஆகவே பட்டறை வாயிலுக்குச் செல்லும் நம் பிள்ளை யாரிடமும் பிச்சை கேட்கச் செல்லவில்லை. முன்னோர் போராடிப் பெற்ற இடத்தில் அமரச் செல்கிறான். இந்த எண்ணம் நெஞ்சில் உறுதியாக இருந்தாலே ஆயத்தத்தில் பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமாயின், எங்கள் தவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம், கட்டணம் கட்டினோம், சீருடை வாங்கிக் கொடுத்தோம். தேர்வுக்கு அழைப்பு வந்தபோது பேருந்துக் கட்டணமும் கொடுத்து, “நல்லபடியாகப் போய் வா” என்று வாழ்த்தி அனுப்பினோம். அதற்குமேல் நாங்கள் செய்ய ஒன்றும் இல்லையென்று கருதினோம். அவ்வாறு அனுப்பியவர்களுள் ஃபிட்டர் பிரிவில் பயின்ற ஒரு தம்பியும் இருந்தான். அரம் பிடிப்பதில் அவன் வகுப்பிலேயே முதல்வன். அவன் தேய்த்த இரும்புத் துண்டின்மீது மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடையே வெளிச்சம் தெரியாது.

தேர்வறையில் அவன்முன் ஓர் இரும்புத் துண்டையும் வெர்னியர் காலிப்பரையும் வைத்து அளக்கச் சொன்னார்கள். அளந்தான். 24.36 மில்லிமீட்டர் என்றான். விடை சரியானதே. “எப்படிச் சொல்கிறாய்?” என்று ஒருவர் கேட்டார். தான் சொன்னது தவறு போலும் என்று அவன் அஞ்சிவிட்டான். வாய் அடைத்துப் போயிற்று. அடுத்தவர், “உன் அப்பா என்ன செய்கிறார்?” என்று வினவினார். செருப்புத் தைத்துக் குடும்பத்தைக் காத்து, அவனைப் படிக்க வைத்த தந்தை அவர். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, “சும்மா இருக்கிறார்” என்று சொல்லிவிட்டான். இடம் கிடைக்கவில்லை. அன்று மாலை சங்கக் கட்டடத்தின் திண்ணையில் வந்து அமர்ந்து, “எல்லாம் எனக்குத் தெரியும் அண்ணா. சொல்லத்தான் வரவில்லை” என்று அழுதான். தந்தையைப் பற்றிச் சொன்ன பொய் அவனை இன்னும் வாட்டியது. அதை அவன் எங்களிடம் கூறியது பல நாட்களுக்குப் பின்னர்தான்.

அவனைக் குறை கூற எங்களுக்கு வாய் எழவில்லை. அவனோடு தேர்வுக்கு வந்திருந்த மற்றப் பிள்ளைகளுள் ஒருவனுக்குத் தந்தை டர்னர். ஒருவனுக்குத் தாய்மாமன் அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர்கள் வீட்டில் சோறுண்ணும்போதே பட்டறைப் பேச்சு நடக்கிறது. எந்தக் கேள்வி வரும், கேட்பவர் என்ன எதிர்பார்ப்பார், தெரியாததற்கு என்ன சொல்ல வேண்டும் என்பவையெல்லாம் அவர்களுக்குக் கற்பிக்காமலே வந்துவிடுகின்றன. நம் பிள்ளையோ அந்தப் பேச்சைத் தேர்வறையில்தான் முதன்முதலாகக் கேட்கிறான். அறிவிலோ கைத்திறனிலோ அவன் குறைந்தவன் அல்லன். அவனிடம் பேசிப் பழக்கிவிட ஒரு மாமன் இல்லை என்பதே குறை. அந்த மாமனாக இச்சங்கம் இருந்திருக்க வேண்டும். நாங்கள் இருக்கவில்லை. அன்று தொடங்கி நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவதாக, எந்த இடத்தில் எத்தகைய தேர்வு என்பதை அறிந்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் நேர்முகத் தேர்வு உண்டு என்று எண்ண வேண்டா. அண்மை ஆண்டுகளில் இரயில்வே நிருவாகம் பழகுநர்களைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் தொழிற்பயிற்சி நிலைய மதிப்பெண்ணையும் கொண்டு தரப்பட்டியல் இட்டே எடுத்து வருகிறது. ஆதலால் பத்தாம் வகுப்பில் பயிலும் தம்பி, தங்கையர்க்கு இன்றே ஒரு சொல்: உங்கள் நேர்முகத் தேர்வு இப்போதே தொடங்கிவிட்டது. தேர்ச்சி பெற்றால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மற்றபடி தனியார் தொழிற்சாலைகள் பலவற்றிலும், சிறிய பட்டறைகளிலும் நேரில் அழைத்துக் கேள்வி கேட்டும், கருவியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லியுமே சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கேதான் நம் ஆயத்தம் தேவைப்படுகிறது.

இரண்டாவது, சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நிழற்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும், தந்தையின் பெயரும், பிறந்த நாளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பள்ளியில் சேர்த்த நாளில் யாரோ எழுதிய ஓர் எழுத்துப் பிழை, பிற்காலத்தில் ஒரு பிள்ளையின் இடத்தையே தடுத்து நிறுத்துவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும். ஆகையால் அழைப்பு வந்தபின் பார்க்கலாம் என்று இராதீர்கள். நடுவண் அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யும்போது உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். பதிவு செய்து தரும் கடைக்காரருடைய எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. மூலச் சான்றிதழை எந்த இடைத்தரகரிடமும் ஒப்படைக்காதீர்கள். பழகுநர் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனுக்கு ஒரு காசும் கொடாதீர்கள்.

மூன்றாவது, கற்ற தொழிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இதுவே எங்கள் உரையின் உயிர்ப்பகுதி என்று கொள்ளலாம். அந்தத் தம்பியிடம் கேட்கப்பட்ட “எப்படி” என்னும் கேள்விக்கு விடை கடினமானதன்று. முதன்மை அளவுகோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியரில் 50 பிரிவுகளாகப் பகுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பிரிவு 0.98 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 0.02. அதுவே அக்கருவியின் மீச்சிற்றளவு. முதன்மை அளவுகோல் 24ஐக் காட்டியது, வெர்னியரில் 18ஆம் கோடு நேர்கோட்டில் நின்றது, 18ஐ 0.02ஆல் பெருக்கினால் 0.36, ஆகவே 24.36. இதனை அவன் அறிவான். நூறு முறை அளந்திருக்கிறான். ஆனால் ஒருமுறையேனும் மற்றொருவர்க்கு எடுத்துச் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்காத அறிவு, கேட்டவுடன் வாய்க்கு வருவதில்லை.

எந்தத் தொழிலாயினும் “என்ன” என்பதற்கு அடுத்து “ஏன்” என்று கேட்பார்கள். ஃபிட்டர் பயின்றவரிடம் ஹேக்சா பிளேடின் பற்கள் எத்திசையில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். முன்னோக்கி இருக்க வேண்டும். ஏன்? முன்னே தள்ளும்போதுதான் அது அறுக்கிறது. பத்து மில்லிமீட்டர், 1.5 புரியிடைவெளி கொண்ட மரை வெட்டுவதற்கு என்ன அளவில் துளையிட வேண்டும்? 8.5 மில்லிமீட்டர். ஏன்? பத்திலிருந்து புரியிடைவெளியைக் கழித்தால் வருவது அது. எலக்ட்ரீஷியனிடம், சுவிட்சையும் பியூஸையும் எந்தக் கம்பியில் பொருத்த வேண்டும் என்று வினவுவார்கள். பேஸ் கம்பியில். நியூட்ரலில் பொருத்தினால், சுவிட்சை நிறுத்திய பின்னும் கருவியில் மின்னழுத்தம் நிற்கும். தொட்டவர் உயிருக்கு ஆபத்து. வெல்டரிடம் சிலிண்டர்களின் நிறத்தைக் கேட்பார்கள். ஆக்சிஜன் கறுப்பு, அசிட்டிலின் அரக்குச் சிவப்பு. அசிட்டிலின் இணைப்புகளுக்கு இடப்புரி வைத்திருப்பது ஏன்? ஒன்றின் குழாயை மற்றொன்றில் தவறியும் மாட்டிவிடாமல் இருப்பதற்காக. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது என்பது ஏன்? தீப்பற்றிக்கொள்ளும்.

இவ்வாறு உங்கள் தொழிலுக்குரிய ஐம்பது கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களில் விடை எழுதுங்கள். பின்னர் குறிப்பேட்டை மூடிவிட்டு, தொழில் தெரியாத ஒருவர்க்கு அதை விளக்குங்கள். உங்கள் தாய்க்கு மைக்ரோமீட்டரை விளக்கிக் காட்டுங்கள். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது, சுற்றுவட்டத்தில் 50 கோடுகள் இருக்கின்றன, ஆகவே ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர் என்பதை அந்தத் தாய்க்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், எந்தப் பொறியாளர் முன்னும் சொல்ல முடியும்.

நான்காவது, பாதுகாப்பைப் பற்றிய விடைகள். கடைசல் எந்திரம் சுழலும்போது தளர்ந்த உடை அணியக்கூடாது, கையுறை போடக்கூடாது, சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு எந்திரத்தை ஓட்டக்கூடாது. ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால் முதலில் மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும். வெறுங்கையால் அவரைத் தொட்டு இழுக்கக்கூடாது. இவற்றைக் கேட்கும் முதலாளி தம் தொழிற்சாலையின் நலனுக்காகக் கேட்கலாம். நீங்களோ உங்கள் உயிருக்காகவும் விரல்களுக்காகவும் கற்றுக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் சம்பாதிக்கும் கை ஒன்றுதான். அது பழுதுபட்டால் அடுப்பெரியாது.

ஐந்தாவது, மொழி. ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிப் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு செல்லும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் முழுவதும் சரிந்துவிடுகிறது. தமிழில் கேட்டால் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டு உங்களுக்கு விளங்கவில்லையெனில், “தமிழில் சொல்லலாமா, ஐயா?” என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் கருவிகளின் பெயர்களைப் பட்டறையில் வழங்குகிறபடியே பிழையின்றிச் சொல்லப் பழகுங்கள். தெரியாத கேள்விக்கு, “தெரியாது, ஐயா. பழகிக்கொள்கிறேன்” என்று நிமிர்ந்து சொல்வது குற்றமன்று. பழகத்தானே செல்கிறோம்! அளந்து விட்டவனைப் பட்டறையில் யாரும் விரும்புவதில்லை. அதுபோலவே, அத்தொழிற்சாலை என்ன பொருளைச் செய்கிறது, அதில் உங்கள் தொழிலுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை முன்னதாகவே விசாரித்து அறிந்து செல்லுங்கள்.

ஆறாவது, சொல்வதற்குக் கடினமான பகுதி. தந்தையின் தொழிலையும் ஊரையும் தெருவையும் பற்றிக் கேட்பார்கள். சிலர் இயல்பாகக் கேட்பார்கள். சிலர் நம் சாதியை அறிந்துகொள்வதற்காகவே சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இரண்டையும் நாம் அறிவோம். விடை ஒன்றே: உண்மையைச் சொல்லுங்கள். “என் தந்தை தோல் தொழிலாளி; செருப்புத் தைக்கிறார்.” “என் தாய் நகராட்சியில் தூய்மைப் பணியாளர்.” “என் பெற்றோர் விவசாயக் கூலிகள்.” இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? தோலை அளந்து வெட்டி, தையல் பிசகாமல் ஒரு காலுக்குப் பொருந்தச் செய்பவர் கண்ணாலேயே அளவு பார்க்கும் தொழிலாளி. மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரியாமல் தேய்த்த அந்தத் தம்பியின் கைக்கு அந்தத் திறம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? வெட்கப்பட வேண்டியவர்கள் அத்தொழிலை இழிவென்று வகுத்தவர்கள். அதைச் செய்து பிள்ளையைப் படிக்க வைத்தவர் அல்லர்.

ஒதுக்கீட்டு இடத்தில் வந்தவன்தானே என்று குத்திப் பேசினால் அங்கே வாதாட வேண்டா. “சட்டப்படி உள்ள இடம், ஐயா. வேலையைக் கேளுங்கள், சொல்கிறேன்” என்று அமைதியாகக் கூறுங்கள். இழிசொல் கூறினால் அந்த நாளையும் நேரத்தையும், சொன்னவர் யார், உடனிருந்தவர் யார் என்பதையும் வெளியே வந்தவுடன் எழுதி வையுங்கள். அன்று மாலையே சங்கத்திற்கு வாருங்கள். எழுத்து மூலம் முறையிடுவதும், வேண்டுமாயின் சட்டத்தின் துணையை நாடுவதும் எங்கள் பொறுப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் அச்சுமையை ஏற்றிவிட்டு நாங்கள் விலகி நிற்க மாட்டோம்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் கூற வேண்டும். எவ்வளவு ஆயத்தம் செய்தாலும், நம் முகவரியைப் பார்த்தவுடனேயே முடிவு செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் கேட்பவரின் விருப்பு வெறுப்புக்கு எவ்வளவு இடமுண்டு என்பது நாடறிந்தது. நடுவண் அரசே 2016ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்முகத் தேர்வை நீக்கிவிட்டது. ஆகவே இடம் கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, “நீ சரியாகப் படிக்கவில்லை” என்று பெற்றோர் ஏசாதீர்கள். ஆயத்தம் அநீதியை ஒழித்துவிடாது. ஆனால் தகுதியில்லை என்று சொல்லித் தள்ளும் வாய்ப்பை அது அவர்களிடமிருந்து பறித்துவிடும்.

ஏழாவது, பெண்பிள்ளைகள். வெல்டிங்கும் எந்திர வேலையும் பெண்களுக்கு ஆகாது என்று நம் வீடுகளிலேயே சொல்லக் கேட்கிறோம். கல் சுமக்கவும், நாற்று நடவும், சாந்துச் சட்டி தூக்கவும் ஆகும் பெண்ணுக்கு, நிழலில் நின்று எந்திரம் இயக்க ஆகாதா? ஊதியம் குறைந்த கடும் உழைப்புக்கு அனுப்பும் நாம், ஊதியம் உயர்ந்த தொழிலுக்கு அனுப்பத் தயங்குவது நியாயமன்று. பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

எட்டாவது, இடம் கிடைத்தபின் செய்ய வேண்டியவை. பழகுநராகச் சேரும்போது ஒப்பந்தம் எழுதப்படும். அது பதிவு செய்யப்பட வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர்க்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். புரியாவிடில் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே. தொழிலாளர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது. உதவித்தொகை உண்டு, பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு முதலாளி பொறுப்பாவார். ஆனால் பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்னும் கட்டாயம் பொதுவாக இல்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பயிற்சி முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்வது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும். அக்கொள்கை என்னவென்று கேட்டறியுங்கள். இறுதித் தேர்வை எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைப் பெறாமல் இடையில் நின்றுவிடாதீர்கள். தொழில் கற்பிக்காமல் பெருக்கவும் மூட்டை தூக்கவுமே ஏவினால், அதையும் எழுதி வைத்து எங்களிடம் சொல்லுங்கள். பழகுநருக்கும் முதலாளிக்கும் இடையே ஒப்பந்தம் பற்றி எழும் வழக்கைக் கேட்கத் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்னும் அலுவலர் இருக்கிறார்.

தேர்வு நாளைப் பற்றியும் ஒரு சொல். புத்தாடை வேண்டா, துவைத்து மடித்த உடை போதும். காலையில் உண்ணாமல் செல்லாதீர்கள். முதல் நாளே சென்று வழியைப் பார்த்து வாருங்கள். உள்ளே சென்றதும் வணக்கம் சொல்லி, அமரச் சொன்னால் நாற்காலியில் நன்றாக அமருங்கள். நுனியில் ஒட்டிக்கொண்டு அமர வேண்டா. நம் பாட்டன்மார் நாற்காலியில் அமர மறுக்கப்பட்டவர்கள். அந்தப் பழக்கத்தை நம் உடல் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் பழக வேண்டும்.

இறுதியாக, பெரியோர்க்கும் பணியில் இருப்போர்க்கும் எங்கள் வேண்டுகோள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தில் ஒத்திகைத் தேர்வு நடத்தி வருகிறோம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு அரம், ஒரு வைஸ், ஒரு மின்பலகை. அவ்வளவே எங்கள் கருவிகள். கேள்வி கேட்க ஆள் போதவில்லை. தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் பணிபுரியும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்க வேண்டும். பணம் கொடுத்து உதவுவோர்க்கு நன்றி கூறுகிறோம். ஆனால் பிள்ளையின் எதிரே அமர்ந்து, “ஏன்?” என்று கேட்டு, அவன் சொல்லும் வரையில் பொறுமையோடு காத்திருப்பதைப் பணத்தால் செய்ய முடியாது.

திண்ணையில் அமர்ந்து அழுத அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. அடுத்த ஆண்டு வேறொரு தொழிற்சாலைக்கு அவன் மீண்டும் சென்றான். இம்முறை மூன்று மாதம் எங்களோடு பேசிப் பழகிய பின் சென்றான். தந்தையைப் பற்றிக் கேட்டார்கள். “செருப்புத் தைக்கிறார், ஐயா. நான் போட்டிருப்பது அவர் தைத்ததுதான்” என்று சொன்னதாக எங்களிடம் வந்து கூறினான். இடம் கிடைத்தது. பழகுநர் பயிற்சியை முடித்துத் தொழிலாளியானான். ஒத்திகை மேசையின் அந்தப் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்பவர்களுள் அவனும் ஒருவன். பிள்ளைகள் விடை சொல்லத் திணறும்போது அவன் அவசரப்படுத்துவதில்லை. “தெரியும் உனக்கு. மெதுவாகச் சொல்” என்பான்.

அந்தச் சொற்களையே இன்று இந்த அரங்கில் உள்ள இளைஞர் அனைவர்க்கும் நாங்கள் கூற விரும்புகிறோம். உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லப் பழகுங்கள். பழக்குவதற்கு நாங்கள் இருக்கிறோம்.